சோலைக்கிளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது? சிவப்புப் பட்டியலைப் படிப்பது எப்படி

2004 வரை நீலகிரி, ஆனைமலை, பழனி மலைச் சோலைகளில் வாழும் அந்தச் சிறிய நீலப் பறவை ஏடுகளில் ஒரே இனம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அதற்கு ‘அழிவாய்ப்பு இனம்’ என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் அதை நீலகிரிச் சோலைக்கிளி, வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று இரண்டு இனமாகப் பிரித்தார்கள். இரண்டுமே ஒரு படி மேலே போய் ‘அருகிய இனம்’ ஆயின. அப்புறம் வெண்வயிற்றுச் சோலைக்கிளி மட்டும் மறுபடி ‘அழிவாய்ப்பு’க்கு இறங்கியது. இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் நடுவில் காட்டில் பறவைகள் கூட்டமாகச் செத்து விழவும் இல்லை, திடீரென்று பெருகவும் இல்லை.

அப்படியானால் பட்டியலே வெறும் காகிதமா என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் படித்தால் தவறான இடத்தில் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் வாழும் சோலைக்கிளிகள் இதற்கு நல்ல உதாரணம்.

முதலில் பறவை. பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி இனம் இல்லை. சுமார் 15 செ.மீ. நீளம், உடலுக்குப் பொருந்தாத நீண்ட கால்கள், சோலையின் அடித்தளத்தில் இலைச்சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பழக்கம். நீலகிரிச் சோலைக்கிளிக்கு முதுகும் மார்பும் கருநீலம், விலாப்பக்கம் செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருக்கும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியில் செம்பழுப்பு கிடையாது. விலா சாம்பல் நிறமாக இருக்கும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். ஓடைக்கரை மண் பொந்திலோ மரப்பொந்திலோ பாசி வைத்துக் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டை. வருடத்துக்கு இரண்டு முட்டை இடும் பறவை ஒரு அடி வாங்கினால் எழுந்து நிற்க நாளாகும் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பார்ப்பதைவிடக் கேட்பதுதான் சுலபம். அடர்ந்த கீழ்ச்செடிகளுக்குள் இருந்து சீழ்க்கையும் கரகரப்பும் கலந்த ஒரு பாட்டு வரும். ஆளைப் பிடிக்க முடியாது. விடிகாலையிலும் அந்தி வேளையிலும் காட்டுப் பாதையின் ஓரத்துக்கு வரும். அதனால்தான் கோடைக்கானலில் சோலையை ஒட்டி நடப்பவர்கள் சிலர் இதைச் சாதாரணப் பறவை என்றே நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பதும் தவறில்லை. இருக்கும் இடத்தில் இது அரிதான பறவை இல்லை. இருக்கும் இடம்தான் அரிது.

சோலை என்று இங்கே சொல்வது தோப்பை இல்லை. மலைமேல், பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே, பள்ளங்களிலும் ஓடை ஓரங்களிலும் குட்டையான, பாசி படர்ந்த பசுமை மாறாக் காடு திட்டுத் திட்டாக இருக்கும். சுற்றிலும் மேடுகளில் புல்வெளி. காடும் புல்லும் மாறி மாறி வரும் இந்த அமைப்பு பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது. மலையடிவாரத்தின் வெயில் இந்தப் பறவைகளுக்கு ஆகாது. ஆகவே ஒவ்வொரு உயர்ந்த மலையும் அவற்றுக்கு ஒரு தீவு. ஆய்வாளர்கள் இவற்றை வான் தீவுகள் என்றே அழைக்கிறார்கள்.

தீவுகளுக்கு இடையே உள்ள ‘கடல்’ மூன்று முக்கியமான இடங்களில் இருக்கிறது. வடக்கே வயநாட்டையும் பாணாசுர மலையையும் நீலகிரியிலிருந்து பிரிக்கும் சாலியாறு பள்ளத்தாக்கு. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். தெற்கே ஏலமலைப் பகுதியையும் அகத்தியமலையையும் பிரிக்கும் செங்கோட்டைக் கணவாய். இது குறுகலானது, ஏழு கிலோமீட்டர் அளவுதான். ரயிலில் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தாழ்நிலத்தைச் சோலைக்கிளி பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்கவில்லை. மரபணுவில் அது பதிவாகியிருக்கிறது.

ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகும் கதை

நீலகிரிப் பறவையைப் பறவையியலாளர் ஜெர்டன் 1840-களில் விவரித்தார். பழனி மலைப் பறவையை 1868-ல் பிளான்ஃபோர்டு தனி இனமாக விவரித்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரு கிளையினங்கள் என்று சேர்த்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படியே கழிந்தது. 2005-ல் தெற்காசியப் பறவைகளுக்கான ஒரு பெரிய கையேட்டில் பமேலா ராஸ்முசென் அவற்றை மறுபடி பிரித்தார். 2010-ல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் ஆகியோரின் மரபணு ஆய்வு, பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்துப் பறவைகளும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தவை என்று காட்டியது. 2017-ல் அதே குழு இன்னொரு படி போனது. இந்தப் பறவைகள் அதுவரை வைக்கப்பட்டிருந்த பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்த தொகுதிகள்) எதிலும் சேராதவை, ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லி இவற்றுக்காக ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினத்தையே உருவாக்கினார்கள். அதே கட்டுரையில் சோலைகளில் வாழும் இன்னொரு வகைப் பறவைகளான மலைச் சிரிப்பான்களுக்கு ‘மான்டிசிங்க்லா’ என்ற பேரினமும் பிறந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் இருக்கும் சோலைக்கிளியை மூன்றாவது இனமாக, அஷாம்பு சோலைக்கிளி என்று விவரித்ததும் அதில்தான். இந்த மூன்றாவதை எல்லா உலகப் பறவைப் பட்டியல்களும் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

இதெல்லாம் பெயர்ச் சண்டை, நமக்கென்ன என்று விட முடியாது. சிவப்புப் பட்டியல் கணக்குப் பார்ப்பது இனம் இனமாகத்தான். ஒரே இனமாக இருந்தபோது நீலகிரியின் பரப்பும் தெற்கு மலைகளின் பரப்பும் கூட்டிக் காட்டப்பட்டன. பிரித்ததும் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பரப்பு சுருங்கியது, அதனால் நிலை மேலே ஏறியது. நாளைக்கு அஷாம்பு சோலைக்கிளியை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் தெற்குப் பகுதி கழன்று போகும். இரண்டின் நிலையையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அகத்தியமலைப் பக்கத்துக் காடுகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கேரளப் பக்கத்தில் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி சரணாலயங்கள் என்று ஓரளவு நல்ல பாதுகாப்பில் இருப்பவை. புதிய அபாயம் எதுவும் வராமலே அங்குள்ள பறவை சிவப்புப் பட்டியலில் உயரத்தில் போய் உட்காரலாம்.

அளவுகோல் எதை அளக்கிறது

சிவப்புப் பட்டியலின் இப்போதைய விதிகள் 2001-ல் நடைமுறைக்கு வந்தவை. பறவைகளுக்கான மதிப்பீட்டை பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு செய்கிறது. ஒரு இனத்தை அபாய நிலையில் வைக்க ஐந்து வழிகள் உண்டு. ஏதாவது ஒன்றில் தகுதி பெற்றால் போதும். பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அதற்குள் எண்ணிக்கை எவ்வளவு விழுந்தது என்பது முதல் வழி: 30 சதவீதம் விழுந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. இனப்பெருக்கம் செய்யும் வயதுடைய பறவைகள் எத்தனை, அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கிறதா என்பது இன்னொரு வழி. மிகச் சிறிய எண்ணிக்கைக்குத் தனி வழியும், கணித மாதிரி மூலம் அழிவின் வாய்ப்பைக் கணிக்கும் வழியும் இருக்கின்றன.

சோலைக்கிளி விஷயத்தில் வேலை செய்வது இதில் எதுவும் இல்லை. வாழும் பரப்பைப் பார்க்கும் வழிதான். புதருக்குள் ஒளிந்து திரியும் ஒரு பறவையை மலை மலையாகத் தலை எண்ணுவது நடக்கிற காரியம் இல்லை. வரைபடத்தில் பரப்பைப் பார்ப்பது நடக்கும். பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அழிவாய்ப்பு, 5,000-க்குக் கீழே என்றால் அருகியது, 100-க்குக் கீழே போனால் மிக அருகியது. பரப்பு சிறியதாக இருப்பது மட்டும் போதாது. வாழிடம் துண்டு துண்டாகிப் போயிருக்க வேண்டும் அல்லது மிகச் சில இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். அதோடு தொடர்ந்து தேய்ந்துகொண்டும் இருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் மிகுந்த எண்ணிக்கைக்கு இன்னொரு துணை விதி உண்டு, அது இங்கே பொருந்தாது.

இந்தப் பரவல் எல்லை எப்படி வரையப்படுகிறது என்பதுதான் சுவாரசியம். பறவை பதிவான வெளிப்புள்ளிகளை எல்லாம் உள்ளடக்கும்படி ஒரு பலகோணம் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரச்சினை இல்லை. வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு அப்படி ஒரு கோடு இழுத்தால் கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலும் மூணாறு தேயிலையும் உள்ளே வந்து விழும். இது பிழை இல்லை. ஒரு காட்டுத்தீயோ நோயோ எவ்வளவு தூரத்துக்குப் பரவினால் இனமே பாதிக்கப்படும் என்பதை அளக்க அந்தப் பலகோணம் உதவும். ஆனால் பறவைக்கு உண்மையில் கிடைக்கும் இடத்தை அது சொல்லாது. அதற்கு வாழ்பரப்பு என்று இன்னொரு அளவு உண்டு: இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, பறவை இருக்கும் கட்டங்களை மட்டும் கூட்டுவது. 500 சதுர கிலோமீட்டருக்குக் கீழே என்றால் அருகிய இனம். இதிலும் ஒரு சிக்கல். கட்டம் நான்கு சதுர கிலோமீட்டர். சோலைத் திட்டோ சில ஹெக்டேராக இருக்கலாம். கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது பலருக்கும் பெயர் தெரிந்தது. அதன் மொத்தப் பரப்பே 116 ஹெக்டேர், அதாவது ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எனவே பட்டியல் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பறவையின் வீடு சிறியது, துண்டானது, தேய்கிறது. முதல் இரண்டில் பெரும்பகுதி இயற்கை செய்தது. மனிதன் இந்த மலைகளுக்கு வருவதற்கு முன்பே சோலைக்கிளியின் உலகம் சின்னதாகவும் துண்டாகவும்தான் இருந்தது. நாம் விவாதிக்க வேண்டியது மூன்றாவதை.

தேய்வது எது?

இங்கேதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை கொஞ்சம் தடுமாறும். காட்டை வெட்டினார்கள், காட்டுப் பறவை போச்சு என்பது எளிதான கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெருமளவு உண்மை. தேயிலைக்காக, காப்பிக்காக, சிங்கோனாவுக்காக, ஊர்களுக்காக, விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அந்த விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் என்று மலை மக்கள் சொல்லும் யூகலிப்டஸும், சீகை என்று சொல்லும் வேட்டில் மரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் தொழிலுக்காகச் சீகை பெரிய அளவில் நடப்பட்டது. நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. அன்றைய கணக்கில் புல்வெளி வெறும் தரிசு. அரசு ஆவணங்களில் அந்தச் சிந்தனை இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது என் எண்ணம்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அரசுமணி முதலானோர் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பகுதி முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தபோது 1973-க்கும் 2017-க்கும் இடையில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அயல் மரங்களுக்குப் போயிருந்தது. அதே காலத்தில் சோலைக்காட்டின் மொத்தப் பரப்பு பெரிதாக மாறவில்லை. பழனி மலை மட்டும் விதிவிலக்கு. அங்கே சோலையும் கணிசமாகக் குறைந்திருந்தது.

நீலகிரியில் இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கேப்டன் ஊச்டர்லோனி 1840-களின் கடைசியில் நீலகிரியை நில அளவை செய்து வரைந்த வரைபடம் இருக்கிறது. அதை 2018-ஆம் ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டவர்கள், புல்வெளி சுமார் 80 சதவீதம் சுருங்கியிருப்பதைக் கண்டார்கள். அதோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரியில் சேகரிக்கப்பட்டு இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பறவை மாதிரிகளையும் இன்றைய கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புல்வெளிப் பறவைகளில் ஏறக்குறைய எல்லாமே குறைந்திருந்தன. காட்டுப் பறவைகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை நிலையாக இருந்தன.

அப்படியானால் புல்வெளியில் வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையின் நிலை சோலைக்கிளியைவிட மோசமா? என்னைக் கேட்டால் ஆம். 1,900 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளி தவிர வேறெங்கும் அதற்குப் போக்கிடம் இல்லை, பழைய பதிவுகள் உள்ள சில இடங்களில் இன்று அது இல்லை. ஆனாலும் பட்டியலில் அது ‘அழிவாய்ப்பு இனம்’, நீலகிரிச் சோலைக்கிளிக்கு ஒரு படி கீழே. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு பறவைகளின் படிநிலை இப்படித் தலைகீழாகத் தெரிவதற்குக் காரணம், பட்டியல் பரப்பைப் பார்க்கிற அளவுக்கு வேகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பது. வேகத்தைப் பார்க்கப் பல ஆண்டுத் தொடர் கணக்கு வேண்டும்.

இந்தியாவில் அந்தத் தொடர் கணக்கை இப்போது பொதுமக்கள்தான் கொடுக்கிறார்கள். ஈபேர்ட் தளத்தில் சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடி பதிவுகளை வைத்து 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமை கொடுத்தது. ஊட்டி, கோடை, வால்பாறை, மூணாறு போன்ற இடங்களில் வருடம் முழுக்க ஆட்கள் பதிவதால் மலைப் பறவைகளுக்கு இந்த முறை ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. அதே ஊர்களைச் சுற்றியே பதிவுகள் குவிகின்றன என்பது அதன் குறை.

காடு அப்படியே இருந்தும் தனிமை கூடுகிறது

சோலைக்காட்டின் பரப்பு நிலையாக இருக்கிறது என்பதால் சோலைக்கிளிக்குப் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. ஆனைமலை, பழனிப் பகுதியில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் பழனிச் சிரிப்பானையும் வைத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, ஒரு துளி இரத்தம் எடுத்துவிட்டுப் பறக்க விடுவார்கள். அந்த இரத்தத்தில் தெரிந்தது, கணவாய்கள் செய்த பழைய பிரிவினைக்கு மேல் சமீபத்தில் மனிதர்கள் செய்த காட்டுத் துண்டாடலும் இந்தப் பறவைகளைப் பிரித்திருக்கிறது என்பது. தீவுக்குள் தீவு. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு சோலைக்கிளியின் பாட்டைப் பதிவு செய்து ஒப்பிட்டது. இங்கே பழைய கணவாய் பிரித்த கூட்டங்களின் பாட்டு வேறுபடுவதோடு, சமீபத்திய காடழிப்பு பிரித்த கூட்டங்களின் பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. ஒரு குஞ்சு பாடக் கற்பது அக்கம்பக்கத்துப் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான். அக்கம்பக்கம் சுருங்கினால் பாட்டு விலகும். விலகிய பாட்டு இணை தேடுவதைப் பாதிக்கக்கூடும்.

சோலைக்கிளி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் பறவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகச் சிறிய சோலைத் திட்டுகளிலும் அது தொடர்ந்து வாழ்கிறது, ஓரளவு சீர்குலைந்த காட்டையும் பொறுத்துக்கொள்கிறது. இதைச் சிலர் நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சிறிய திட்டில் பறவை இருக்கிறது என்பதும், அந்தத் திட்டு இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் பறவையை வைத்திருக்கும் என்பதும் வேறு வேறு. இருபது ஜோடி உள்ள ஒரு திட்டில் ஒரு வறண்ட வருடத்துத் தீயோ, தொடர்ந்து சில மோசமான இனப்பெருக்கக் காலமோ வந்தால் போதும். பக்கத்துத் திட்டிலிருந்து புதுப் பறவை வந்து நிரப்பினால் பிழைக்கும். நடுவில் தேயிலையும் சாலையும் விடுதிகளும் இருந்தால் அந்த வரவு நிற்கும்.

இதற்கு மேல் வெப்பம். உயரம் ஏற ஏற நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குளிரும். அதாவது வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால், அதே குளுமைக்கு ஒரு பறவை சுமார் 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். இமயமலையில் அதற்கு இடம் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695. அதோடு முடிந்தது. ஏற ஏற மலை கூம்பி நிலமும் குறையும். சோலை மரங்களும் சேர்ந்து ஏறினால்தான் பறவைக்குப் பயன், மரங்களோ நிதானமாக நகர்பவை.

சோலைக்கிளியின் பக்கத்து வீட்டுக்காரர்களான சிரிப்பான்களிலும் இதே ஏற்பாடுதான். நான்கு மலைத் தொகுதிக்கு நான்கு இனம். வயநாட்டிலிருந்து குடகின் பிரம்மகிரி வரை உள்ள சில உச்சிகளில் மட்டும் பாணாசுரச் சிரிப்பான், அருகிய இனம். நீலகிரியில் நீலகிரிச் சிரிப்பான். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனிச் சிரிப்பான், அச்சுறுத்தலை நெருங்கும் நிலை, அதாவது அழிவாய்ப்புக்கு ஒரு படி கீழே. தென்கோடியில் அஷாம்புச் சிரிப்பான், அழிவாய்ப்பு. இவற்றில் எனக்கு அதிகக் கவலை பாணாசுரச் சிரிப்பானைப் பற்றித்தான். ஊட்டியில் நீலகிரிச் சிரிப்பான் தோட்டத்து வேலி வரை வந்து சத்தம் போடும்; வடக்கே இருப்பதற்கு அந்த அளவு மலைப்பரப்பே கிடையாது.

ஒப்பிட ஒன்று: அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியில் 2006-ல் ரமணா ஆத்ரேயா விவரித்த புகுன் லியோசிச்லா என்ற பறவை ‘மிக அருகிய இனம்’. விரல் விட்டு எண்ணும் அளவிலான பறவைகளே தெரிந்திருந்ததால் வழக்கப்படி ஒன்றைக் கொன்று மாதிரி எடுக்காமல், பிடித்த பறவையின் இறகையும் படங்களையும் வைத்தே புதிய இனமாக அறிவித்தார். சோலைக்கிளிகள் அந்த நிலைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. இதைச் சொல்லாமல் ‘அழிவின் விளிம்பில்’ என்று தலைப்புப் போடுவது நியாயமில்லை.

சீகையை வெட்டலாமா?

சட்டம் பெரும்பாலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரிய சோலைகள் காப்புக்காடுகளிலும் முக்கூர்த்தி தேசியப் பூங்கா, ஆனைமலை புலிகள் காப்பகம், 2013-ல் அறிவிக்கப்பட்ட கோடைக்கானல் சரணாலயம், 2021-ல் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகியவற்றிலும் இருக்கின்றன. கேரளப் பக்கம் இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை. பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் பரப்பு ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. தனியார் தோட்டங்களுக்குள் சிக்கிய சோலைகளுக்கு 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அவை எந்த அளவுக்குக் காப்பாற்றப்படும் என்பது தோட்ட உரிமையாளரையும் மாவட்ட நிர்வாகத்தையும் பொறுத்தது. வெட்டுவதைத் தடுக்க இவை போதும். இப்போதுள்ள பிரச்சினை வெட்டு இல்லையே.

1988-ன் தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு மலைகளில் வணிக நடவு நின்றது. நட்டது நிற்கவில்லை. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக முளைக்கும், வெட்டினால் தூரிலிருந்து தழைக்கும். முன்பு தோல் தொழிலுக்காக வெட்டி எடுத்ததாவது அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. 2022-ல் தமிழ்நாடு அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் பலமுறை அழுத்தம் கொடுத்திருக்கிறது.

புல்வெளிப் பறவைக்குச் சீகையை வெட்டுவது லாபம் என்பதில் சந்தேகம் இல்லை. சோலைக்கிளிக்கு? இங்கே களத்தில் வேலை செய்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கோடைக்கானல் பக்கம் வட்டக்கானல் போன்ற இடங்களில் பழைய சீகை, யூகலிப்டஸ் தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்வதைப் பல ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறார்கள். பறவைகளும் காட்டு விலங்குகளும் விதையைக் கொண்டு வந்து போட, அயல் மரம் நிழல் கொடுக்க, கீழே சோலை எழும்புகிறது. அந்த இடத்தில் ஒட்டுமொத்தமாக வெட்டினால் புல்வெளி திரும்பாது. சீகைதான் இன்னும் அடர்த்தியாக வரும், வளர்ந்துகொண்டிருந்த சோலையும் போகும். இதே வாதத்தை எடுத்துக்கொண்டு சோலையை ஒட்டிய புல்வெளி விளிம்பில் முளைக்கும் இளம் சீகையையும் விட்டுவிட்டால் மீதிப் புல்வெளியும் மூடிவிடும்.

ஆகவே ஒரே மருந்து கிடையாது. புல்வெளி இன்னும் பெரும்பாலும் திறந்திருக்கும் இடத்தில், கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும், செலவும் குறைவு. முற்றிய தோட்டத்துக்குள், சோலைக் கன்று எழும்பும் இடத்தில், ஒவ்வொரு மரமாகக் காய விட வேண்டும். இரண்டு சோலைத் திட்டுகளுக்கு நடுவே உள்ள பழைய தோட்டங்கள் சோலைக்கிளிக்குப் பாலமாக மாற வாய்ப்புள்ள இடங்கள் என்பதால் அவற்றைக் கடைசியில் தொடுவதே நல்லது என்பேன். எந்த இடத்தில் வெட்டினாலும் அடுத்த பல ஆண்டுகளுக்கு வருடா வருடம் போய் முளைப்பதைப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்காமல் ஒப்பந்தம் போடுவது வீண். மரத்தை விற்ற காசு வந்ததும் கோப்பு மூடப்படும் திட்டங்களில் இதுதான் நடக்கிறது.

சிவப்புப் பட்டியலின் அடுத்த திருத்தத்தில் நீலகிரிச் சோலைக்கிளி அங்கேயே நிற்கலாம், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அஷாம்பு விவகாரத்தைப் பொறுத்து ஒரு படி ஏறலாம். அந்தச் செய்தி வரும்போது பார்க்க வேண்டியது, நிலையோடு சேர்த்து அச்சிடப்படும் எழுத்துக்கோவையை. காரணம் அதற்குள்தான் இருக்கும். ‘பி1’ என்று தொடங்கினால் பரவல் எல்லையை வைத்து எடுத்த முடிவு. ‘ஏ’ என்று தொடங்கினால் எண்ணிக்கை வேகமாக விழுகிறது என்று பொருள். இன்றுவரை சோலைக்கிளிகளின் நிலைக்கு அடிப்படை முதல் வகை. ‘ஏ’ வந்தால் அது வேறு செய்தி.